மனநல நெருக்கடியில் இருந்தவர் காவலர்களின் பிடியில் இறந்தால்: குடும்பத்தினருக்கும் இளம் வழக்கறிஞர்களுக்கும் ஒரு வழிகாட்டி

மனநல நெருக்கடியில் இருக்கும் ஒருவரைக் காவலர்கள் அழைத்துச் சென்ற பிறகோ, வீட்டிலேயே அவரை அடக்க முயன்றபோதோ அவர் உயிரிழந்துவிட்டால், குடும்பத்தினர் முதலில் கேட்பது "அடித்தார்களா?" என்பதைத்தான். நியாயமான கேள்வி அது. ஆனால் சட்டம் இன்னொன்றையும் கேட்கிறது: இவருக்கு மனநலப் பாதிப்பு இருக்கிறது என்பது காவலர்களுக்கு எப்போது தெரிந்தது, தெரிந்த நிமிடத்திலிருந்து அவர்கள் என்ன செய்திருக்க வேண்டும், அதைச் செய்தார்களா? உடலில் ஒரு காயம்கூட இல்லாத மரணத்திலும் காவல்துறைக்குப் பொறுப்பு ஏற்படக்கூடும் என்றால், அதற்கு அடிப்படை இந்த இரண்டாவது கேள்விதான். குடும்பத்தினர் பலர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் "வெளிக்காயம் இல்லை" என்று வந்தவுடன் மனம் தளர்ந்து வழக்கையே விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இத்தகைய மரணத்தை எதிர்கொள்ளும் குடும்பமும், இப்படியொரு வழக்கை முதன்முறையாகக் கையில் எடுக்கும் வழக்கறிஞரும் என்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்யலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில், காவலரின் கடமை என்ன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 100ஆவது பிரிவுதான் இந்த விவகாரத்தின் அச்சாணி. தன் எல்லைக்குள், மனநலப் பாதிப்பால் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள இயலாமல் அலைந்து திரிபவரையும், மனநலப் பாதிப்பின் காரணமாகத் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரையும் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை என்று அது சொல்கிறது. எடுக்கலாம் என்ற அனுமதியாக அல்லாமல், எடுக்க வேண்டும் என்ற கடமையாகவே இது எழுதப்பட்டிருக்கிறது.

பாதுகாப்பில் எடுத்த பிறகு அதிகாரி செய்ய வேண்டியவையும் அதே பிரிவில் இருக்கின்றன. ஏன் அழைத்துச் செல்கிறோம் என்பதை அந்த நபரிடம் சொல்ல வேண்டும். அவரால் புரிந்துகொள்ள முடியாத நிலை என்றால், அவருடைய நியமனப் பிரதிநிதியிடம் (சிகிச்சை விஷயங்களில் அவருக்காக முடிவெடுக்க நியமிக்கப்பட்டவரிடம்) சொல்ல வேண்டும். முடிந்தவரை விரைவாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்கு மதிப்பீட்டுக்காகக் கொண்டுசெல்ல வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் அவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. அவரை மருத்துவமனையில் சேர்க்கத் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னால், வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். வீடற்றவர் என்றால் வீடற்றோருக்கான அரசு இல்லத்தில் சேர்க்க வேண்டும். பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டு வருவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

24 மணி நேரம் என்பது காவல்துறைக்குத் தரப்பட்ட சலுகை நேரமல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "முடிந்தவரை விரைவாக" என்பதே விதி. 24 மணி நேரம் அதன் வெளி எல்லை. அரசு மருத்துவமனை அரை மணி நேரத் தொலைவில் இருக்கும்போது, கூச்சலிட்டுக்கொண்டும் வியர்த்துக்கொண்டும் இருக்கும் ஒருவரை ஆறு மணி நேரம் நிலையத்தின் பெஞ்சில் உட்கார வைத்திருந்தால், "இன்னும் 24 மணி நேரம் ஆகவில்லையே" என்ற பதில் போதாது.

பக்கத்து வீட்டார் புகார் கொடுத்து, அவரைக் குற்றம் சாட்டப்பட்டவராகவே கைது செய்திருந்தால் வேறு விதிகளும் சேர்ந்துகொள்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 56ஆவது பிரிவு, காவலில் உள்ளவரின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் நியாயமான அக்கறையோடு கவனிப்பது காவலில் வைத்திருப்பவரின் கடமை என்கிறது. 46ஆவது பிரிவு, தப்பிச் செல்வதைத் தடுக்கத் தேவையானதற்கு மேல் ஒருவரைக் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது. 43ஆவது பிரிவு, கைதை எதிர்ப்பவர்மீது தேவையான பலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. ஆனால் மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவருக்கு மரணம் விளைவிக்கும் உரிமையை அது தரவில்லை. எந்தக் குற்றமும் சாட்டப்படாமல், பாதுகாப்புக்காக மட்டுமே அழைத்துச் செல்லப்பட்டவர் விஷயத்தில் இந்தத் தடை இன்னும் வலுவாகப் பொருந்தும்.

மரணச் செய்தி வந்த முதல் சில மணி நேரம்

இந்த நேரத்தில் குடும்பம் நிலைகுலைந்து இருக்கும். எனவே உறவினரிலோ நண்பரிலோ நிதானமாகப் பேசக்கூடிய ஒருவர் முன்னால் நிற்க வேண்டும். அவர் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் கையெழுத்து. "உடல்நிலை சரியில்லாமல் இறந்துவிட்டார், யார்மீதும் சந்தேகம் இல்லை" என்று ஏற்கெனவே எழுதி வைத்த தாளை நீட்டி, உடலைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ள இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்கும் வழக்கம் உண்டு. அதில் கையெழுத்திடாதீர்கள். வெற்றுத் தாளிலும் வேண்டாம். பிறகு நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் எதிராக அந்த ஒரு தாள்தான் முன்வைக்கப்படும்.

இரண்டாவது, புகார். உங்கள் சொந்தக் கையெழுத்தில், எளிய தமிழில், நடந்ததை நேர வரிசைப்படி எழுதுங்கள். அவருக்கு என்ன பாதிப்பு இருந்தது, எங்கே சிகிச்சை பெற்றார், அன்று யார் யாரை எத்தனை மணிக்கு அழைத்தார்கள், எத்தனை காவலர்கள் வந்தார்கள், அவர்களிடம் "இவர் மனநல சிகிச்சையில் இருக்கிறார், மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்" என்று சொன்னது யார், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள், எப்படிப் பிடித்தார்கள், எந்த வண்டியில் ஏற்றினார்கள் என்பவை கட்டாயம் இருக்க வேண்டும். "எனக்கு நியாயம் வேண்டும்" என்று பத்து வரி எழுதுவதைவிட, "இரவு 8 மணிக்கு அவருடைய மாத்திரைச் சீட்டை வந்த எஸ்.ஐ.யிடம் காட்டினேன்" என்ற ஒரே வரி பலமடங்கு வலிமையானது. காவலருக்குத் தெரிந்திருந்தது என்பதை நிறுவுவது அந்த வரிதான்.

புகாரை நிலையத்தில் கொடுத்து, ரசீது பெறுங்கள். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. நிலையத்தில் வாங்க மறுத்தால், சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். மாநகரமென்றால் ஆணையருக்கு அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். அரசு ஊழியர்மீது விசாரணைக்கு உத்தரவிடுமுன் மேலதிகாரியின் அறிக்கையையும் அந்த ஊழியரின் விளக்கத்தையும் நடுவர் பரிசீலிக்க வேண்டும் என்று 175(4) சேர்க்கப்பட்டிருப்பதால் இந்த வழி முன்பைவிட மெதுவாக இருக்கும். அதை எதிர்பார்த்தே செல்லுங்கள்.

பெரும்பாலும் முதலில் பதிவாவது "சந்தேக மரணம்" என்ற தலைப்பில்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174 என்றார்கள், இப்போது சுரக்ஷா சன்ஹிதாவில் அது 194ஆவது பிரிவு. அது மரணத்தின் காரணத்தை அறிவதற்கான பதிவு மட்டுமே. யார்மீதும் குற்றம் சுமத்துவதல்ல. அதோடு திருப்தியடைந்துவிடாதீர்கள்.

பிரேதப் பரிசோதனை: திரும்பக் கிடைக்காத சந்தர்ப்பம்

காவல்துறையின் காவலில் ஒருவர் இறந்தால், காவல்துறை நடத்தும் விசாரணையோடு கூடுதலாக, நடுவர் விசாரணையும் நடந்தாக வேண்டும் என்கிறது அதே சன்ஹிதாவின் 196(2). முடிந்தவரை உறவினருக்குத் தகவல் கொடுத்து, விசாரணையின்போது உடனிருக்க அனுமதிக்க வேண்டும். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், வாழ்க்கைத் துணை ஆகியோர் உறவினர் என்ற வரையறைக்குள் வருகிறார்கள். உடலை 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். "ஆர்.டி.ஓ. விசாரணை (வருவாய்க் கோட்டாட்சியரின் விசாரணை) நடக்கிறது, அது போதும்" என்று யாராவது சொன்னால், நீதித்துறை நடுவரின் விசாரணை தொடங்கிவிட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டும் வேறு.

"அவரை நாங்கள் கைதே செய்யவில்லை, பாதுகாப்புக்காகத்தான் அழைத்துப்போனோம், ஆகவே இது காவல் மரணம் அல்ல" என்ற வாதம் இந்த இடத்தில்தான் எழும். கைது என்பதும் காவல் என்பதும் ஒன்றல்ல. ஒருவர் தன் விருப்பப்படி எழுந்து போக முடியாத அளவுக்கு அவருடைய உடலும் நடமாட்டமும் காவலரின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டால், அது காவலே என்று வாதிட உறுதியான அடித்தளம் இருக்கிறது. ஜீப்பின் பின்சீட்டில் இரண்டு காவலர்களுக்கு நடுவில் உட்கார வைக்கப்பட்டவர் எந்தப் பெயரில் அங்கே இருந்தாலும் அவர்களுடைய பொறுப்பில்தான் இருந்தார்.

காவல் மரணங்களில் பிரேதப் பரிசோதனை எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2020 டிசம்பரில், மதுரை மாவட்ட ஆட்சியருக்கு எதிரான சந்தோஷ் என்பவரின் வழக்கில் விரிவான நெறிமுறைகளைத் தந்தது. பரிசோதனைக்கு முன் குடும்பத்தினர் உடலைப் பார்க்க அனுமதிக்கப்பட வேண்டும். எக்ஸ்ரே எடுக்கப்பட வேண்டும். பரிசோதனை முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். அறிக்கையைப் பெற்ற பிறகு உயர் நீதிமன்றத்தை அணுக விரும்புவதாகக் குடும்பத்தினர் தெரிவித்தால் உடலைக் குறைந்தது 48 மணி நேரம் பாதுகாத்து வைக்க வேண்டும். இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு, பரிசோதனைக்கு முன்பே நடுவருக்கும் மருத்துவமனை முதல்வருக்கும் ஒரு பக்க மனு கொடுத்துவிடுங்கள்.

உடலைப் பார்க்கும்போது முகத்தை மட்டும் பார்த்துவிட்டு அழுதுகொண்டு திரும்பிவிடாமல், மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு முதுகு, தோள்பட்டை, இரு மணிக்கட்டு, கணுக்கால், உள்ளங்கால், கழுத்தின் பின்புறம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். கயிறோ விலங்கோ இறுகிய தடம் மணிக்கட்டில் வளையமாகத் தெரியும். அனுமதி கிடைத்தால் படம் எடுங்கள். கிடைக்காவிட்டால் வெளியே வந்தவுடன் பார்த்ததை எழுதித் தேதி, நேரம் இட்டு வையுங்கள்.

மனநல நெருக்கடியில் நேரும் மரணங்களுக்கென்றே சில சிறப்புக் கேள்விகள் உண்டு. கொந்தளிப்பான நிலையில் இருப்பவரைக் குப்புறக் கிடத்தி, கைகளைப் பின்னால் வளைத்து, முதுகில் முழங்காலை ஊன்றி அழுத்தினால் மார்பு விரிய முடியாமல் மூச்சு முட்டும். போராடிக் களைத்த உடலுக்கு மற்ற நேரத்தைவிட அதிகக் காற்று தேவைப்படும் நிலையில் அது சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும். இப்படி நேர்ந்த மரணத்தில் உடலில் தெளிவான அடையாளம் எதுவும் இல்லாமல் போகலாம். அதனால்தான், எந்த நிலையில், எவ்வளவு நேரம், எத்தனை பேர் அழுத்திப் பிடித்தார்கள் என்பதைக் கண்ணால் கண்டவரின் சாட்சியம் பிரேதப் பரிசோதனைக்கு நிகரான முக்கியத்துவம் பெறுகிறது. "மூச்சு விட முடியவில்லை" என்று அவர் சொன்னதை யாராவது கேட்டார்களா என்று விசாரியுங்கள். அவருக்கு அடக்கும் ஊசி போடப்பட்டதா, என்ன மருந்து, எவ்வளவு, போட்டபின் யார் கண்காணித்தார்கள் என்றும் கேளுங்கள். உள்ளுறுப்புகளை இரசாயனப் பரிசோதனைக்கும் திசுப் பரிசோதனைக்கும் அனுப்பும்படி மனுவிலேயே கோருங்கள்.

குடியை நிறுத்திய இரண்டாம் மூன்றாம் நாளில் வரும் மனக்குழப்பமும் இங்கே தனியாகச் சொல்லத்தக்கது. கை நடுங்கும், உடல் வியர்க்கும், இல்லாதவை கண்ணுக்குத் தெரியும், யாரோ கொல்ல வருவதாக அலறி ஓடுவார்கள். பார்ப்பவருக்கு அது "பைத்தியம்" போலவோ "போதை" போலவோ தோன்றும். உண்மையில் அது உயிருக்கு ஆபத்தான மருத்துவ நெருக்கடி. இவரை இரவெல்லாம் நிலையத்தில் வைத்திருந்து காலையில் உயிரற்றவராக மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால், "போதையில் இருந்தார், தானாக இறந்தார்" என்ற விளக்கம் காவல்துறையைக் காப்பாற்றாது. சிகிச்சை தேவை என்பது கண்ணுக்குத் தெரிந்திருந்ததா என்பதே கேள்வி.

உடலை வாங்க மறுத்துப் போராடுவது நம் ஊரில் குடும்பத்தின் கையில் இருக்கும் கடைசி ஆயுதமாகிவிட்டது. அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பிரேதப் பரிசோதனையையே தள்ளிப்போடும் வகையில் மறுக்க வேண்டாம், ஏனெனில் தாமதம் சாட்சியத்தை அழிக்கிறது. மறுபரிசோதனை தேவையா என்று வழக்கறிஞரோடும், முடிந்தால் ஒரு தடயவியல் மருத்துவரோடும் கலந்து முடிவெடுத்த பிறகு உடலை வாங்குங்கள். உங்கள் வழக்கம் இடம்கொடுத்தால் எரிக்காமல் புதையுங்கள்.

ஆவணங்களைச் சேர்த்து நேரக்கோடு வரையுங்கள்

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் எழுதப்படும் விபத்துப் பதிவேட்டின் நகலை எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்பார்கள். ஒரே தாள்தான், ஆனால் இந்த வகை வழக்குகளில் அதற்கு ஈடான ஆவணம் குறைவு. அதில் கொண்டுவந்தவர் யார், வந்த நேரம் என்ன, கொண்டுவந்தவர் சொன்ன காரணம் என்ன, வந்தபோது நினைவு இருந்ததா, நாடித் துடிப்பு இருந்ததா, வெளிக்காயங்கள் எவை என்று அவசர அவசரமாகக் கிறுக்கியிருப்பார்கள். "கொண்டுவரும்போதே இறந்துவிட்டார்" என்ற குறிப்புக்கு மேலே "சாலையில் மயங்கிக் கிடந்தார்" என்று காரணம் எழுதப்பட்டிருந்து, காவல்துறையின் பிற்கால அறிக்கையோ "நிலையத்தில் வலிப்பு வந்தது" என்று சொன்னால், அந்த முரண்பாடு ஒன்றே நீதிமன்றத்தை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

அடுத்து, நிலையத்தின் பொது நாட்குறிப்பு, 112 அல்லது 100க்கு நீங்கள் செய்த அழைப்பின் பதிவு, 108 ஆம்புலன்ஸ் வந்திருந்தால் அதன் பயணப் பதிவு, ரோந்து வாகனத்தின் பதிவேடு, உங்கள் கைப்பேசியின் அழைப்புப் பட்டியல், தெருவில் உள்ள கடைகளின் கேமராக் காட்சி. கடைக் கேமராக்களில் பழைய காட்சி சில நாள்களிலேயே அழிந்துவிடும் என்பதால் அவற்றை முதல் நாளே கேளுங்கள். காவல் நிலையக் கேமராவைப் பொறுத்தவரை, பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவான கட்டளையைத் தந்திருக்கிறது: நிலையத்தின் வாயில்கள், லாக்கப், வராந்தா, வரவேற்பிடம் உட்பட எல்லா இடங்களிலும் ஒலியுடன் கூடிய கேமரா இருக்க வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்கும் வசதி வேண்டும், அது இயலாதபோதும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. காட்சியைப் பாதுகாக்கும்படி எழுத்தில் கேட்டுவிட்டால், "அன்று கேமரா பழுது" என்ற பதிலுக்கு அவர்கள் நீதிமன்றத்தில் விளக்கம் சொல்ல நேரிடும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழும் விண்ணப்பியுங்கள்; உயிர், சுதந்திரம் தொடர்பான தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்ற 7(1) பிரிவைச் சுட்டிக்காட்டுங்கள்.

எல்லாவற்றையும் திரட்டிய பின் ஒரு வெள்ளைத் தாளில் நேரத்தை இடப்பக்கமும் நிகழ்வை வலப்பக்கமும் எழுதுங்கள். கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு: மாலை 7.10க்கு 112க்கு அழைப்பு, 7.40க்குக் காவலர்கள் வருகை, மாத்திரைச் சீட்டைக் காட்டியது 7.45, ஜீப்பில் ஏற்றியது 8.00, ஏ.ஆர். காப்பியில் மருத்துவமனை வந்த நேரம் அதிகாலை 2.15. வீட்டிலிருந்து மருத்துவமனை 20 நிமிடம். இடையில் உள்ள ஏறத்தாழ ஆறு மணி நேரம் எங்கே போயிற்று? இந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டியவர்கள் காவலர்கள்தான். ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய உண்மையை அவரே நிரூபிக்க வேண்டும் என்று பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 109ஆவது பிரிவு சொல்கிறது. காவல் மரணங்களில் நேரடி சாட்சி கிடைப்பது அரிது, காவலர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க மாட்டார்கள், ஆகவே நீதிமன்றங்கள் நடைமுறை உண்மையைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று ஷியாம் சுந்தர் திரிவேதி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது.

அவருடைய மனநல சிகிச்சைக் கோப்பை மறைக்க வேண்டாம். வெளியே தெரிந்தால் குடும்பத்துக்கு அவப்பெயர் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த வழக்கில் அந்தக் கோப்புதான் அவருக்காகப் பேசப்போகிறது.

குற்றப் பொறுப்பு: எந்தப் பிரிவு, எவ்வளவு நிரூபிக்க வேண்டும்

2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்த மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் பொருந்தும்; கீழே வரும் 103, 105, 106 அதன் பிரிவுகள். அதற்கு முந்தைய சம்பவத்துக்கு இந்திய தண்டனைச் சட்டம். வேண்டுமென்றே கொன்றதற்கு 103. மரணம் விளையக்கூடும் என்று அறிந்தும், கொல்லும் நோக்கமின்றிச் செய்த செயலுக்கு 105இன் பிற்பகுதி. தண்டனை 10 ஆண்டு வரை. அலட்சியத்தால் நேர்ந்த மரணத்துக்கு 106(1). தண்டனை 5 ஆண்டு வரை.

மனநல நெருக்கடி மரணங்களில் போராட்டம் பெரும்பாலும் 105க்கும் 106க்கும் இடையில்தான் நடக்கும். இரண்டையும் பிரிப்பது "அறிந்திருத்தல்". மூச்சுத்திணறுகிறது என்று சுற்றியிருந்தவர்கள் கத்தியும் அழுத்தத்தை விடாதவருக்கும், நோயாளியின் நிலையைச் சரியாகக் கணிக்காமல் தாமதித்தவருக்கும் சட்டம் ஒரே தண்டனை தருவதில்லை. இருவரில் ஒருவர் தப்பிவிடக் கூடாது என்றால், புகாரிலேயே உண்மைகளை முழுமையாகச் சொல்லிவிட்டு, எந்தப் பிரிவு என்பதை நீதிமன்றத்துக்கு விட்டுவிடுவது நல்லது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தை மீறியதற்கென அதன் 108ஆவது பிரிவின்கீழ் முதல் முறை 6 மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. சிறிய தண்டனைதான், ஆனால் லாக்கப்பில் வைத்ததே சட்டமீறல் என்பதைப் பதிவுசெய்ய அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

கத்தியோடு நின்றவரைச் சுட்டுக் கொன்றிருந்தால், தற்காப்பு என்ற வாதம் வரும். அப்போது பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 23 அன்று தந்த நெறிமுறைகள் உங்களுக்குத் துணை. முதல் தகவல் அறிக்கை பதிவு, சி.ஐ.டி. அல்லது வேறு நிலையத்தைச் சேர்ந்த குழுவின் சுதந்திரமான புலனாய்வு, நடுவர் விசாரணை ஆகியவை கட்டாயம். சுட்ட நிலையமே புலனாய்வு செய்வதை ஏற்காதீர்கள்.

அரசு ஊழியர்மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி தேவை என்ற, சுரக்ஷா சன்ஹிதாவின் 218ஆவது பிரிவையும் எதிர்பார்த்திருங்கள். அரசின் அனுமதியின்றிப் பதவி நீக்கம் செய்ய முடியாத நிலையில் உள்ளவருக்குத்தான் அது பொருந்தும் என்பதால், ஒவ்வொருவரின் பதவியையும் பார்க்க வேண்டும். கடமையைச் செய்யும்போது சற்று வரம்பு மீறியதற்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்கலாம். கடமையோடு தொடர்பே இல்லாத வன்முறைக்குக் கிடைக்காது. அனுமதி கோரிய 120 நாளுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி தரப்பட்டதாகவே கருதப்படும் என்பது புதிய சட்டத்தில் வந்துள்ள ஒரு நல்ல மாற்றம்.

அரசின் பொறுப்பு: குற்ற வழக்குக்குக் காத்திருக்க வேண்டாம்

குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். பல ஆண்டுகள் ஆகும். எந்தக் காவலர் என்று அடையாளம் காண முடியாமல் போகலாம். ஆனால் அரசியல் சாசனத்தின் 226ஆவது கூறின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு அரசிடமிருந்து இழப்பீடு கேட்க, குறிப்பிட்ட காவலர் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. உயிர் வாழும் உரிமையை அரசின் ஊழியர்கள் பறித்தார்கள் என்பதே போதுமானது.

இந்த வழி பிறந்ததே மனநலத்தைக் காரணம் காட்டிய ஓர் அநீதியிலிருந்துதான். பீகாரைச் சேர்ந்த ருதுல் சா 1968இல் விடுதலைத் தீர்ப்புப் பெற்ற பிறகும் 14 ஆண்டு சிறையிலேயே கிடந்தார். அவருக்கு மனநிலை சரியில்லை என்பதால் வைத்திருந்தோம் என்றது சிறை நிர்வாகம். அந்த விளக்கத்தை ஏற்காத உச்ச நீதிமன்றம் 1983இல் மொத்தம் 35,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. பத்தாண்டு கழித்து ஒடிசாவின் நீலாபதி பெஹரா வழக்கு வந்தது. 22 வயது மகனைக் காவலர்கள் அழைத்துச் சென்ற மறுநாள் அவருடைய உடல் காயங்களோடு இரயில் தண்டவாளத்தில் கிடந்தது. தப்பி ஓடி இரயிலில் அடிபட்டார் என்றது காவல்துறை. தாய் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்ற நீதிமன்றம் 1993இல் 1,50,000 ரூபாய் வழங்கியது. அதைவிட முக்கியமாக, அடிப்படை உரிமை மீறலுக்கு அரசு நேரடியாகப் பொறுப்பு, இறையாண்மைப் பாதுகாப்பு (அரசின் செயலுக்காக அரசிடம் இழப்பீடு கேட்க முடியாது என்ற வாதம்) என்ற கவசம் அங்கே செல்லாது என்று தெளிவுபடுத்தியது. சட்டம் தெரியாத ஒரு தாயின் கடிதத்திலிருந்து வந்த தீர்ப்பு அது.

ரிட் மனுவில் இழப்பீட்டோடு நின்றுவிடாமல், புலனாய்வை மாநிலக் காவல்துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவான சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றவும், கேமராப் பதிவை ஒப்படைக்கவும், பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் வீடியோவையும் தரவும் கேளுங்கள். உண்மைகள் பெரிதும் மறுக்கப்பட்டு, சாட்சி விசாரணை தேவைப்படும் நிலை என்றால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும்படி உயர் நீதிமன்றம் சொல்லக்கூடும். மரணத்துக்கான இழப்பீட்டு வழக்கை இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும், அரசுக்கு 2 மாத முன்னறிவிப்பும் தர வேண்டும். அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்துவையுங்கள்.

மனித உரிமை ஆணையம்

காவல் மரணத்தை 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நடைமுறை 1993 டிசம்பரிலிருந்து இருக்கிறது. தெரிவித்தார்களா என்று கேளுங்கள். நீங்களே புகார் கொடுப்பதானால் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். கட்டணமில்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. மாநில ஆணையத்தில் நிலுவையில் உள்ளதைத் தேசிய ஆணையம் விசாரிக்காது என்பதால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிக் குழப்பிக்கொள்ளாமல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மாநில ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்த பிறகு, தமிழ்நாட்டில் இந்த வழிக்கு முன்பில்லாத வலு வந்திருக்கிறது.

பணமும் சமரசப் பேச்சும்

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று ஒதுங்க வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இறந்தவரின் மனைவியோ தாயோ மனுதாரராக இருந்தால் அதுவே தகுதியாகிவிடும்.

சில நாளில் யாராவது வருவார்கள். அரசு வேலை, நிவாரணத் தொகை, வீட்டுமனை என்று பேச்சு எழும். அரசு தரும் நிவாரணத்தைப் பெற்றுக்கொள்வதில் தவறில்லை. அது உங்கள் உரிமை, வாங்கினால் வழக்கு போய்விடும் என்று பயப்படவும் வேண்டாம். கொலையும், 105இன்கீழ் வரும் மரணமும், அலட்சிய மரணமும் இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கும் குற்றங்களல்ல. ஆனால் ரசீதில் எழுதியிருப்பதை வழக்கறிஞரைக் கொண்டு ஒருமுறை படித்துக் கேளுங்கள். "முழுமையான, இறுதியான தீர்வாக" என்றோ, "இனி எந்தப் புகாரும் இல்லை" என்றோ ஒரு வரி இருந்தால் அதை அடித்துவிட்டு, "என் உரிமைகளுக்கும் நிலுவையிலுள்ள வழக்குகளுக்கும் பாதகமின்றிப் பெற்றுக்கொள்கிறேன்" என்று உங்கள் கையால் எழுதி, அதன்பிறகே கையெழுத்திட்டு, ஒரு நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.